ஊரே நடத்தட்டும் உழவர் சந்தையை

தக்காளிக்காக நாம் கொடுக்கும் 100 ரூபாயில் அதை விளைவித்தவருக்குப் போய்ச் சேர்வது சுமார் 33 ரூபாய். வெங்காயத்தில் 36, உருளைக்கிழங்கில் 37. இந்திய ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்று போட்டுக் காட்டிய கணக்கு இது. மீதி மூன்றில் இரண்டு பங்கு எங்கே போகிறது என்பதில் மர்மம் ஏதும் இல்லை. லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, மண்டிக் கமிஷன், வழியில் நசுங்கியும் அழுகியும் போகிற சரக்கு, மொத்த வியாபாரியின் லாபம், சில்லறைக் கடைக்காரரின் லாபம் என்று வழியெங்கும் கரைகிறது. இதில் ஒரு பகுதி நியாயமான செலவு, யாரோ உழைத்ததற்கான கூலி. இன்னொரு பகுதி, விளைவிப்பவரும் உண்பவரும் சந்திக்கவே வழியில்லை என்பதற்காக இருவரும் சேர்ந்து கட்டுகிற தண்டம். அந்தத் தண்டத்தைக் குறைக்கத் தமிழ்நாடு கண்ட வழிகளில் எளிமையானது உழவர் சந்தை. கால் நூற்றாண்டைக் கடந்துவிட்ட அந்த ஏற்பாட்டை இன்றும் நாம் மலிவு விலைக் காய்கறிக் கடையாகவே பார்க்கிறோம். ஆட்சி மாறினால் அது வாடிப்போவதற்கும், சில ஊர்களில் கட்டடம் மட்டும் மிஞ்சி நிற்பதற்கும் இந்தப் பார்வைக்குப் பெரும் பங்கு உண்டு. உழவரும் ஊராரும் நாள்தோறும் பழகும் பொது இடம் அது. அந்தப் பழக்கத்தால் பயன்பெறும் இரு தரப்பாரின் கைக்கும் அதன் நிர்வாகம் வர வேண்டும். அப்போதுதான் எந்த ஆட்சி வந்தாலும் போனாலும் அது நிலைக்கும்.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் மு. கருணாநிதி திறந்துவைத்தார். முன்மாதிரிகள் இருந்தன. பஞ்சாபில் 1987-இல் தொடங்கிய அப்னி மண்டியும், அதே 1999 ஜனவரியில் ஆந்திரத்தில் தொடங்கிய ரைது பஜாரும் பாதை போட்டுக் கொடுத்திருந்தன. தமிழ்நாட்டில் அது பரவிய வேகம்தான் வியப்பு. ஏறத்தாழ ஓராண்டுக்குள் எண்ணிக்கை நூறை எட்டியது. இன்று 190-க்கும் மேற்பட்ட சந்தைகள் இருக்கின்றன. நடைமுறை எளிது. நிலமும் பயிரும் உண்மைதானா என்று வேளாண், தோட்டக்கலை அலுவலர்கள் சரிபார்த்து, புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை தருகிறார்கள். அட்டை உள்ளவருக்குக் கடை வாடகை இல்லை, தராசும் சந்தையிலேயே கிடைக்கும், விளைபொருளை அரசுப் பேருந்தில் கட்டணமின்றி ஏற்றிவரச் சலுகையும் உண்டு. அதிகாலையில் சந்தை திறக்கும்போதே அன்றைய விலைகள் பலகையில் எழுதப்பட்டுவிடும். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்கும்படி அலுவலர்களும் உழவர்களும் பேசி அந்த விலையை வைக்கிறார்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே நேரத்தில் ஆதாயம் தருகிற விலை ஒன்று இருக்க முடியும் என்பதை இந்த இரண்டு எண்களும் கால் நூற்றாண்டாக நிரூபித்து வருகின்றன.

அந்த விலைப்பலகையின் அருமை தெரிய வேண்டுமானால், அது இல்லாத இடத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு விவசாயியிடம் சராசரியாக இருக்கும் நிலம் 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இவ்வளவு சிறிய நிலத்தில் கத்தரியோ வெண்டையோ போடுகிறவர் நாளைக்கு இரண்டு மூன்று மூட்டைதான் பறிப்பார். அதைக் கமிஷன் மண்டிக்கு அனுப்பினால் என்ன விலைக்குப் போயிற்று என்பது சிட்டை வந்த பிறகுதான் தெரியும். கமிஷன் கழித்து, கூலி கழித்து, கழிவு கழித்து மிச்சம் கைக்கு வரும். பல இடங்களில் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தவரே மண்டிக்காரராக இருப்பார். ஆகவே வேறு மண்டிக்குச் சரக்கைத் திருப்பவும் முடியாது. கடனும் விற்பனையும் ஒரே கையில் இருக்கும்போது விலையைக் கேள்வி கேட்கும் துணிவு விற்பவருக்கு வராது. இந்த இருட்டுக்குள் உழவர் சந்தையின் பலகை கொண்டுவந்தது வெளிச்சம். பலகை உள்ள ஊரில், மண்டிக்கே சரக்கைப் போடும் விவசாயிகூட அதைப் பார்த்துவிட்டுத் தன் சிட்டையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பக்கத்துத் தெருக் கடைக்காரரிடம் வாங்குகிறவரும் சந்தையில் இன்று என்ன விலை என்று கேட்டுவிட்டுப் பேரம் பேசலாம். சந்தைக்கு வராதவர்களுக்கும் அந்தப் பலகை வேலை செய்கிறது.

விலையைத் தாண்டியும் ஒன்று நடக்கிறது. அரசுக் கோப்புகளில் இடம்பெறாத விஷயம் அது. அமெரிக்க மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் மொராக்கோவின் செஃப்ரூ நகரத்துப் பஜாரை ஆராய்ந்து 1978-இல் ஒரு கட்டுரை எழுதினார். பஜாரில் மிக அரிதான சரக்கு தகவல்தான் என்பது அவர் கண்டது. எது தரமானது, எது நியாய விலை, யார் நம்பத்தக்கவர் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேட யாருக்கும் நேரம் இல்லை. அதனால் மக்கள் ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பப் போய் வாடிக்கை பிடித்துக்கொள்கிறார்கள் என்றார். நம் ஊர்ச் சந்தைகளில் தலைமுறை தலைமுறையாக நடப்பது இதுவே. காய்கறியின் முக்கியமான குணங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. எத்தனை நாளுக்கு முன் பறித்தது, கடைசியாக எப்போது மருந்து அடித்தது, எந்தத் தண்ணீர் பாய்ந்தது என்பதை எந்தப் பளபளப்பும் சொல்லாது. விளைவித்தவரே எதிரில் நின்றால் கேட்கலாம். அவர் பொய் சொன்னாலும் சொல்லலாம். ஆனால் நாளையும் அதே திண்ணையில் அதே முகத்தோடு அவர் உட்கார வேண்டும், நாமும் அங்கேதான் வருவோம். இந்த மறு சந்திப்பு தருகிற பொறுப்பை முத்திரையோ சான்றிதழோ தருவதில்லை. இயற்கை விவசாயம் என்ற பெயரில் இரண்டு மடங்கு விலைக்கு விற்கப்படும் பொட்டலங்களை நம்புவதா வேண்டாமா என்று தவிக்கும் நகரவாசிக்கு, பழக்கப்பட்ட ஒரு விவசாயியின் வாய்ச்சொல் எவ்வளவோ மேல்.

இந்தப் பழக்கத்தால் பயிரும் பிழைக்கிறது. மொத்த மண்டிக்கு ஒரே அளவான, கடினத் தோல் உள்ள, நெடும்பயணம் தாங்குகிற வீரிய ஒட்டு ரகங்கள் வேண்டும். பெட்டி பெட்டியாக வேண்டும். அரைச் சாக்குப் பொன்னாங்கண்ணியையோ, பத்துக் கட்டு மணத்தக்காளிக் கீரையையோ, ஒரு கூடை சுண்டைக்காயையோ மண்டியில் ஏலம் போட முடியாது. வாடினால் வாடிக்கை போய்விடும் என்பதால் கீரையின் வாழ்நாள் அரை நாள்தான். அதற்குத் தோதான இடம் பக்கத்து ஊர்ச் சந்தை மட்டுமே. தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை, அகத்தி, வல்லாரை, மிதிபாகல், வாழைப்பூ, நாட்டுப் பூசணி என்று வீட்டுச் சமையலில் மருந்தும் உணவுமாக இருந்தவை நகரத்தில் இன்னும் கிடைக்கின்றன என்றால் அதற்கு இந்தச் சிறு சரக்கு வியாபாரம்தான் காரணம். வேலூர் இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெருமை தரும், ஆனால் விதையைக் காப்பாற்றுவது அந்தக் கத்தரியின் ருசி தெரிந்து கேட்டு வாங்கும் வட்டாரத்து மக்கள்தான். முள் காம்பைப் பார்த்ததும் இது நம்மூர்க் காய் என்று கை நீட்டுகிறவர் இல்லாத இடத்தில் அதைப் பயிரிட எந்த விவசாயிக்கும் காரணம் இருக்காது.

இவ்வளவும் நடக்கிற இடத்தை அரசு எப்படி நடத்தியது என்பதைப் பார்த்தால் வருத்தமே மிஞ்சுகிறது. 2001 மே மாதம் ஆட்சி மாறியது. உழவர் சந்தைகள் முந்தைய ஆட்சியின் அடையாளமாகப் பார்க்கப்பட்டன. கவனிப்பு குறைந்தது, பேருந்து வசதிகள் சுருங்கின, சில சந்தைகள் மூடப்பட்டன, பல நலிந்தன. 2006-இல் மீண்டும் ஆட்சி மாறிய பிறகு உயிரூட்டும் வேலை தொடங்கியது. 2021 ஆகஸ்ட் 14 அன்று தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை தாக்கலானபோது பழைய சந்தைகளைப் புதுப்பிக்கவும் புதியவை கட்டவும் அறிவிப்பு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாடியும் தளிர்த்தும் போகிற இந்தச் சுழற்சியைக் கட்சி அரசியல் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்குவது போதாது என்றே நினைக்கிறேன். ரேஷன் கடையையோ சத்துணவையோ எந்த ஆட்சியும் கைவிடத் துணியாது. இழப்பு நேர்ந்தால் குரல் கொடுக்கக் கோடிக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள் என்பதே காரணம். உழவர் சந்தைக்கு வருகிற உழவரும் வாங்குகிறவரும் தினம் சந்தித்தாலும், சந்தை குறித்து எதையும் முடிவு செய்யும் அதிகாரம் அவர்களிடம் இருந்ததில்லை. அது அலுவலர்கள் நடத்தும் திட்டம். அலுவலர்களுக்கு மேலிடத்து ஆர்வம் குறைந்ததும் திட்டமும் தளர்ந்தது.

எல்லாச் சந்தைகளும் ஒரே மாதிரி தளரவில்லை என்பது இன்னும் முக்கியம். கோவை ஆர்.எஸ். புரம், சிங்காநல்லூர், சேலம் சூரமங்கலம், ஈரோடு சம்பத் நகர், பாளையங்கோட்டை மகாராஜ நகர், மதுரை அண்ணா நகர் போன்றவை அந்தந்த நகரத்தின் அன்றாடத்தில் கலந்துவிட்டவை. அதே ஏற்பாடு, அதே அரசாணை, அதே கூரைகள் இருந்தும் வேறு பல ஊர்களில் கடைகள் காலியாகக் கிடக்கின்றன. வேறுபாட்டின் காரணங்கள் தேடக் கடினமானவை அல்ல. வெற்றி பெற்றவை காய்கறி விளையும் கிராமங்களிலிருந்து முதல் பேருந்தில் வந்து சேரக்கூடியவை, நடந்து வரும் தூரத்தில் குடியிருப்புகள் உள்ளவை. தோற்றவற்றில் பல, அரசு நிலம் எங்கே கிடைத்ததோ அங்கே கட்டப்பட்டவை. ஊருக்கு வெளியே ஒதுக்குப்புறத்தில் கூரை போட்டுவிட்டு, உழவர் வரவில்லை, மக்கள் வரவில்லை என்று எழுதிவைப்பதில் பயனில்லை. எங்கே கட்டலாம், எந்தக் கிராமத்துக்கு எத்தனை மணிக்குப் பேருந்து வேண்டும் என்பதை விற்பவரிடமும் வாங்குபவரிடமும் கேட்டிருந்தால் ஒரே மாலையில் சொல்லியிருப்பார்கள்.

2020-ஆம் ஆண்டின் ஊரடங்கு இந்த வாதத்துக்கு ஒரு பெரிய சோதனையாக அமைந்தது. சென்னை கொத்தவால்சாவடியின் நெரிசலைத் தவிர்க்க 1996-இல் உருவான கோயம்பேடு சந்தை, ஒரே வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் குவிந்ததால் தொற்று மையமாகி மே 5 அன்று மூடப்பட்டது. வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்ட நாட்களில் சென்னையில் காய்கறி விலை எகிறியது. மாவட்டங்களில் உழவர் சந்தைகள் பேருந்து நிலையங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் இடம்பெயர்ந்து, இடைவெளி விட்டுக் கோடு போட்டு, தொடர்ந்து நடந்தன. ஒரே இடத்தில் குவிந்த ஏற்பாடு நின்றபோது பல இடங்களில் பரவிய சிறிய ஏற்பாடு தாக்குப்பிடித்தது. கூரையும் திண்ணையும் இல்லாமலே சந்தை நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சந்தையின் உயிர் கட்டடத்தில் இல்லை, வருகிறவர்களின் ஏற்பாட்டில் இருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு வலுவானது. இடைத்தரகரைத் திட்டுவது எளிது. ஆனால் அவர் செய்யும் வேலையை யார் செய்வது? சரக்கைத் திரட்டுகிறார், தரம் பிரிக்கிறார், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோகிறார், விற்காமல் போனால் நட்டத்தைத் தாங்குகிறார், வங்கி திரும்பிப் பார்க்காத குத்தகை விவசாயிக்கு அவசரத்துக்குப் பணமும் தருகிறார். இது உண்மை. ஒட்டன்சத்திரத்துச் சரக்கு கேரளத்துக்கும், மேட்டுப்பாளையத்து உருளைக்கிழங்கு சமவெளிக்கும் போவதற்கு மொத்த வியாபாரம் வேண்டும். எட்டுக் கோடிப் பேரின் காய்கறித் தேவையை உழவர் சந்தை மட்டும் நிறைவேற்றாது, நிறைவேற்றவும் வேண்டாம். மண்டிக்கு மாற்று என்பதைவிட மண்டிக்கு அளவுகோல் என்று அதைச் சொல்வது பொருந்தும். விவசாயிக்கு வேறு ஒரு வாசல் திறந்திருக்கிறது என்று தெரிந்தால் மண்டிக்காரரின் கமிஷனும் கழிவும் ஓர் எல்லைக்குள் நிற்கும். பத்து மூட்டையில் இரண்டை நேரடியாக விற்க முடிந்தாலே மீதி எட்டு மூட்டைக்குப் பேசும் தெம்பு வருகிறது. விலை ஏற்றத்தையும் வீழ்ச்சியையும் இந்தச் சந்தை தடுத்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. சில வாரங்களில் விலை சரிந்து பறிகூலிக்கும் கட்டாத நிலை வந்தது. மொத்த விலையை ஒட்டிய பலகை அந்த அலையோடு ஏறி இறங்கத்தான் செய்யும். குளிர்பதனக் கிடங்கும் பயிர்த் திட்டமிடலும் தீர்க்க வேண்டிய சிக்கலை நேரடி விற்பனையின் தலையில் கட்ட முடியாது.

விவசாயி வேடத்தில் வியாபாரிகள் புகுந்துவிட்டார்கள் என்பது அடுத்த புகார். பல சந்தைகளில் இது உண்மைதான். சமவெளி மாவட்டத்துச் சந்தை ஒன்றில் ஒரே கடையில் கேரட், பீன்ஸ், கோஸ், வெண்டை, தேங்காய் எல்லாம் குவிந்திருந்தால் அது ஒரே தோட்டத்தில் விளைந்ததாக இருக்க முடியாது. மலைக் காய்கறி வேண்டும் என்று வாங்குகிறவர்கள் எதிர்பார்ப்பதும் உண்மை. அதற்கு மலை மாவட்ட உழவர்களுக்கும் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கும் தனிக் கடை ஒதுக்கி, அதை வெளிப்படையாக எழுதி வைப்பதே நேர்மையான வழி. நியூயார்க் நகரில் 1976-இல் தொடங்கிய கிரீன்மார்க்கெட் சந்தைகளில், விற்கிறவர் தானே விளைவித்ததைத்தான் விற்க வேண்டும் என்பது விதி. நிர்வாகத்தினர் பண்ணைக்கே சென்று பயிரைப் பார்த்து ஒப்பிடுகிறார்கள். நம் விதியும் அதேதான். சிட்டா அடங்கலில் உள்ள பயிரும் திண்ணையில் உள்ள காயும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டியது அலுவலர் கடமை. ஒரு சந்தைக்கு உள்ள ஒன்றிரண்டு அலுவலர்கள் நூற்றுக்கணக்கான தோட்டங்களுக்குப் பருவந்தோறும் போய்வர முடிவதில்லை. பக்கத்து வயல்காரருக்கோ யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று கேட்காமலே தெரியும். போலி உழவரால் நேரடியாக இழப்பவரும் அவர்தான். கண்காணிக்கும் உரிமையை அவருக்குக் கொடுத்தால் அலுவலரின் கையெழுத்தைவிட அது வலுவாக வேலை செய்யும்.

உழவரின் நேரத்துக்கு விலை இல்லையா என்று சிலர் கேட்கிறார்கள். இரவு எழுந்து கீரை கட்டி, முதல் பேருந்து பிடித்து, காலை முழுவதும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் வயல் வேலை என்ன ஆவது? பெரும்பாலும் அந்தச் சுமை குடும்பத்துப் பெண்கள் மீது விழுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூடுதலாகக் கிடைக்கும் 20 சதவீதத்தில் ஒரு பகுதி அவர்கள் உழைப்பின் கூலிதான், அதை லாபம் என்று எழுதுவது தவறு. ஆனாலும் வருமானம் அன்றன்றே தன் கைக்கு வருகிறது என்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைக் கமிஷன் சிட்டை கணவர் பெயரில் வரும் வீடுகள் அறியும். சுமையைக் குறைக்க வழி உண்டு. ஒரே ஊரைச் சேர்ந்த நான்கைந்து குடும்பங்கள் முறைவைத்து, ஒருவர் மற்றவர் சரக்கையும் விற்க அனுமதி வேண்டும். ஒவ்வொருவர் சரக்குக்கும் தனிக் கணக்கு இருந்தால் போதும். கழிப்பறை, குடிநீர், குழந்தையைப் படுக்கவைக்க ஓர் அறை ஆகியவை விற்கும் பெண்களுக்கு வாடகைச் சலுகையைவிடப் பெரியவை. சந்தையைப் புதுப்பிப்பதாகச் சொல்லி முகப்பு வளைவுக்கு வண்ணம் பூசுவதற்கு முன் இவற்றைச் செய்யலாம்.

என்னைப் பொறுத்தவரை மிகவும் உறுத்தும் குறை வேறொன்று. சந்தை நடப்பது காலையில். அமைந்திருப்பது பெரும்பாலும் நடுத்தர வகுப்பினர் வாழும் பகுதிகளில். ஓய்வுபெற்ற அரசு ஊழியரும் காலை நடை முடித்து வருகிறவரும் நல்ல காயை நியாய விலைக்கு வாங்குகிறார்கள். நாள்கூலிக்குப் போகிறவர் கையில் காசு வருவது மாலை ஆறு மணிக்கு. அப்போது அவருக்குக் கிடைப்பது தெருமுனையில் வாடிய காய், அதுவும் கூடுதல் விலையில். பொதுப் பணத்தில் நடக்கும் சந்தை அவரை வெளியே நிறுத்துவது அநீதி. 2022-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் சிறுதானியம், பயறு வகைகள் போன்றவற்றுக்கு மாலை நேர உழவர் சந்தை அறிவிக்கப்பட்டது. நல்ல தொடக்கம், ஆனால் காய்கறிக்கும் அது வேண்டும். வாரத்தில் இரண்டு மாலைகள், குறிப்பாகச் சனிக்கிழமை கூலி கொடுக்கும் நாளில், பின்னலாடைத் தொழிலாளர் நிறைந்த திருப்பூர் போன்ற ஊர்களில் இதைச் செய்து பார்ப்பதில் என்ன தடை? மாலை விற்பனைக்கென்று மதியம் பறிக்க உழவர் ஆயத்தமாகத்தான் இருப்பார், வாங்க ஆள் வரும் என்று உறுதி இருந்தால்.

தெருவில் தள்ளுவண்டியிலும் தலைச்சுமையிலும் விற்கிறவர்களின் பிழைப்பை உழவர் சந்தை கெடுக்கிறதா? அவர்களும் ஏழைகளே. வீட்டு வாசலுக்கே வருகிற அவர்கள் செய்வது தனிச் சேவை. மூப்பாலும் நோயாலும் சந்தைக்குப் போக முடியாதவர்களுக்கு அவர்கள்தான் துணை. சந்தை முடியும் நேரத்தில் மிஞ்சும் சரக்கை நியாய விலையில் வண்டிக்காரர்கள் மொத்தமாக எடுத்துக்கொள்ள முறையான ஏற்பாடு செய்தால் உழவருக்கும் மிச்சம் கெடாது, வண்டிக்காரருக்கும் மண்டிவரை போகும் செலவு மிச்சம். கைப்பேசிச் செயலிகள் பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும்போது சந்தை எதற்கு என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். செயலி வசதி தருகிறது, மறுக்கவில்லை. யார் விளைவித்தது, அவருக்கு என்ன கிடைத்தது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அதில் பதில் இல்லை. விலையை வைப்பதும் தரத்தை வகுப்பதும் ஒரே நிறுவனம் என்னும்போது மண்டியின் பழைய இருட்டே புதிய வடிவில் திரும்புகிறது.

சந்தையை ஊரின் கையில் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று ஐயப்படுகிறவர்கள் பக்கத்து மாநிலத்தைப் பார்க்கலாம். கேரளத்தில் 1990-களில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு நடந்த தோட்டக்கலைத் திட்டத்தின் தொடர்ச்சியாக, 2001-இல் காய்கறி, பழ வளர்ச்சிக்கென ஒரு குழுமம் உருவானது. அதன்கீழ் இயங்கும் ஸ்வாஸ்ரய கர்ஷக சமிதிகள் விவசாயிகளே நடத்தும் விற்பனை நிலையங்கள். சரக்கை ஒன்றாகக் குவித்து, வியாபாரிகளைத் தங்கள் இடத்துக்கு வரவழைத்து, கூட்டாகப் பேசி விற்கிறார்கள். அங்கே வாங்குவது பெரும்பாலும் வியாபாரி, நம் சந்தையில் வீட்டுக்காரர் என்ற வேறுபாடு உண்டு. நிர்வாகம் உழவர் கையில் இருந்தும் சந்தை ஒழுங்காக நடக்கும் என்பதற்கு அது சான்று. வாங்குபவரும் நிர்வாகத்தில் உட்கார்ந்தால் சந்தைக்குள் வேறு காரியங்களும் தானே வந்து சேரும். கிரீன்மார்க்கெட்டில் வாங்க வருகிறவர்களே வீட்டுச் சமையல் கழிவைக் கொண்டுவந்து உரத்துக்குக் கொடுத்த காலம் உண்டு, பள்ளிப் பிள்ளைகளைச் சந்தைக்கு அழைத்துவந்து எந்தக் காய் எந்த மாதம் விளையும் என்று காட்டுகிறார்கள். நம் சந்தைகளில் நாற்றும் விதையும் விற்கலாம், முடக்கத்தான் கீரையை எப்படிச் சமைப்பது என்று தெரிந்த பாட்டியை இளைய தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லலாம், காய்கறிக் கழிவை உரமாக்கி அதே உழவரிடம் திருப்பி அனுப்பலாம், அரசுப் பள்ளிச் சத்துணவுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் பக்கத்துச் சந்தையிலிருந்தே கொள்முதல் செய்யலாம். கடைசியாகச் சொன்னது நடந்தால் விற்காத நாளென்று ஒன்று உழவருக்கு இருக்காது.

குழு அமைத்தால் உள்ளூர்க் கட்சிக்காரர்கள் கைப்பற்றிக்கொள்வார்கள் என்ற அச்சம் நியாயமானது. கூட்டுறவுச் சங்கங்களில் நாம் கண்டது அதுதான். ஆனால் அதைத் தடுக்கும் வழியும் நம் சட்டங்களிலேயே இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீத இடங்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு ஒதுக்குகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. உழவர் சந்தைக்கும் அதே அளவைக் கொள்ளலாம். விற்பவர் தரப்பில் வாக்காளர் யார் என்ற சந்தேகத்துக்கு இடமில்லை, அடையாள அட்டைப் பட்டியல் ஒவ்வொரு சந்தை அலுவலகத்திலும் இருக்கிறது. வாங்குபவர் தரப்புக்கு, 2022 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் கூடத் தொடங்கிய பகுதி சபைகள் ஆட்களை அனுப்பலாம். விலை வைக்கும் கூட்டத்தில் இவர்கள் உட்கார வேண்டும், வரவு செலவைப் பலகையில் எழுத வேண்டும், கடை ஒதுக்கீடு எல்லார் முன்னும் நடக்க வேண்டும், அலுவலர் செயலாளராக இருந்து நடத்த வேண்டும். எடுத்த எடுப்பில் 190 சந்தைகளிலும் தொடங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே நன்றாக நடக்கிற சூரமங்கலம், சம்பத் நகர், மகாராஜ நகர், சிங்காநல்லூர் போன்ற ஐந்தாறு இடங்களில் தொடங்கினால் போதும். அங்கே உழவருக்கும் ஊராருக்கும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைக்கிற அளவுக்குப் பழக்கம் இருக்கிறது. அரசு செய்ய வேண்டியது ஒரு சட்டம் இயற்றி அவர்களுக்கு அந்த இடத்தின் மீது உரிமை கொடுப்பது.